பல திரைகளில் ஓடும் படங்கள் நம் ஊருக்கு எவ்வாறு வந்து சேரும்?

உம்கேனிக்கரை, டர்பன்:

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். மாதம் ஒருமுறை வகுப்பு முடிந்தபின் பத்துப் பன்னிரண்டு பேர் அமர்ந்து ஒரு படம் பார்த்துப் பேசுவது வழக்கம். இவ்வாண்டு பரிசோதனைப் படங்களை எடுத்துக்கொண்டோம். கதையைச் சார்ந்து நிற்காமல் ஒளியையும் காலத்தையும் திரையையுமே பொருளாகக் கொண்ட படங்களைச் சொல்கிறேன். அவற்றுள் ஒரு வகை, ஒரு திரைக்கு ஒரு புரொஜெக்டர் என்ற ஏற்பாட்டையே விட்டு விலகி, பல புரொஜெக்டர்களையும் புகையையும் ஆளின் உடலையும் அறை முழுவதையும் படைப்புக்குள் சேர்த்துக்கொள்கிறது. ஜீன் யங்பிளட் 1970இல் எழுதிய நூலுக்குப் பிறகு அந்த வகைக்கு உலகெங்கும் 'எக்ஸ்பாண்டட் சினிமா' என்ற பொதுப்பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் நான் அதை 'விரிதிரை' என்று எழுதிவருகிறேன்; இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.

என் சிக்கல் இதுதான். ஆண்டனி மெக்கால் 1973இல் செய்த, ஒளிக்கூம்பை வரையும் கோடு பற்றிய 30 நிமிடப் படைப்பை வகுப்பில் காட்ட விரும்பினேன். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி மெல்ல வளைந்து முழு வட்டமாகிறது. திரையில் நிகழ்வது அவ்வளவே. ஆனால் அங்கே எவரும் திரையைப் பார்ப்பதில்லை. புரொஜெக்டரிலிருந்து திரை வரை காற்றில் நீளும் ஒளி, சிறிது சிறிதாக ஒரு கூம்பாக மூடிக்கொள்வதை அதன் உள்ளே நின்றும் வெளியே நின்றும் பார்க்கிறார்கள், கையை நீட்டி அதை வெட்டுகிறார்கள். இணையத்தில் கிடைத்த ஒரு பதிவை நான் வகுப்புச் சுவரில் ஓட்டினேன். முடிந்ததும் ஒரு மாணவி, "ஐயா, ஒரு வட்டம் போட அரை மணி நேரமா?" என்று கேட்டாள். அவள்மீது தவறில்லை. நான் காட்டியது அந்தப் படைப்பே அன்று.

இவற்றை முறையாக வாடகைக்கு வாங்கும் வழி இருக்கிறது. இலண்டனில் 1966இல் திரைக் கலைஞர்கள் தாமே தொடங்கிய கூட்டுறவின் சேகரத்தை இன்று லக்ஸ் என்னும் அமைப்பு நடத்துகிறது. பாரிஸில் 1982 முதல் லைட் கோன் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் கேன்யன் சினிமா. படம் எடுத்தவரே அதன் உரிமையாளராக நீடிப்பார், ஒவ்வொரு காட்சிக்கும் வாடகை வாங்கிப் பிரதியை அனுப்புவார்கள், கேட்பவர் அருங்காட்சியகமா பள்ளிக்கூடமா என்று பார்க்க மாட்டார்கள். கேட்க எளிது. ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, படத்தின் வாடகையைவிட, பிரதி இரு முறை கடல் கடந்து செல்லும் கூலியும் காப்பீடும் சுங்க அலுவலும்தாம் பெரிதாக நின்றன. தற்காலிகமாக உள்ளே வந்து திரும்பும் பொருள் என்பதற்கான கார்னே ஆவணம் இல்லையென்றால் 15 விழுக்காடு வாட் வரிக்கும் விடை சொல்ல வேண்டும். இதை யாரேனும் செய்து பார்த்திருக்கிறீர்களா?


பீனிக்ஸ்வாசி:

வணக்கம் ஐயா. நான் கிடங்கில் இரவு முறை வேலை பார்க்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கிலோ கேப்டவுனிலோ ஒரு காட்சி நடந்தால் பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, தங்கும் செலவு எல்லாம் சேர்ந்துவிடும். பரிசோதனைப் படம் என்று எனக்குத் தெரிந்த அனைத்தும் கைபேசி வழியாகத் தெரிந்தவையே. 1996 முதல் யாரிடமும் காசு கேட்காமல் இயங்கிய உபுவெப் தளம் இல்லையென்றால் அப்படி ஒரு கலை இருப்பதே எனக்குத் தெரிந்திராது. அந்தத் தளம் பெரும்பாலானவற்றுக்கு அனுமதி பெறவில்லை என்பதை அறிவேன். ஆனாலும் நேரில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்பவர்கள் அனைவரும் நேரில் பார்க்கக்கூடிய தொலைவில் வசிப்பவர்கள் என்பதை நான் நெடுநாளாகக் கவனித்துவருகிறேன். முதலில் அனைத்தையும் இணையத்தில் ஏற்றட்டும். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.


வெண்சுவர், ஜோகன்னஸ்பர்க்:

பீனிக்ஸ்வாசி சொன்ன தொலைவு உண்மையானது. அதைக் கண்டு நானே வருந்தியிருக்கிறேன். காட்சியகங்களில் புரொஜெக்டர்களும் ஒலிபெருக்கிகளும் பொருத்துவது என் தொழில் என்பதால், படைப்புகள் எந்த வழியாக வருகின்றன என்பதை உள்ளிருந்து பார்த்த அளவில் சொல்கிறேன்.

ஐயா குறிப்பிட்ட கூட்டுறவு வாடகை ஒரு வழி. மற்றொன்று ஓவியச் சந்தையின் வழி: ஒரு வீடியோப் படைப்பை மூன்று அல்லது ஐந்து என எண்ணிட்ட பதிப்புகளாக மட்டும் விற்பது. செலவின்றி நகலெடுக்கக்கூடிய ஒன்றை வேண்டுமென்றே அரிதாக்கினால்தான் அதற்கு விலை உண்டாகிறது. கலைஞர்கள் பலருக்குச் சோறு போடுவதும் இந்த வழியே என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். எங்கள் நகரத்தவரான வில்லியம் கென்ட்ரிட்ஜ் 2012இல் காஸல் நகரின் டாக்குமென்டா கண்காட்சிக்காக, காலத்தை மறுப்பது பற்றிய ஐந்து திரைப் படைப்பு ஒன்றைச் செய்தார். ஐந்து படங்கள் சுவர்களில் ஓட, உலோகக் குழல் ஒலிபெருக்கிகள் பேச, நடுவே மரத்தாலான பெரிய பொறி ஒன்று நுரையீரல்போல் மூச்சு வாங்கும். அதன் ஒரு பதிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் சான்பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகமும் கூட்டாக வாங்கிவிட்டன. ஜோகன்னஸ்பர்க் மனிதர் ஒருவரின் படைப்பை ஜோகன்னஸ்பர்க்கில் பள்ளி செல்லும் பிள்ளை நினைத்த நாளில் பார்க்க இயலாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தகைய படைப்பு எங்களிடம் வரும்போது பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு ஹார்டு டிஸ்க்கும் ஒரு கட்டுத் தாளும்தான். அறையின் நீள அகலம், சுவரின் நிறம், புரொஜெக்டரின் ஒளி எத்தனை லூமென், ஒலிபெருக்கி எந்த உயரம், எந்தத் திரை எந்தத் திரையோடு எந்த நொடியில் சேர வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது டிஸ்க்கை அன்று, தாள்களை. மின்வெட்டு கடுமையாக இருந்த 2023இல் ஓர் இடத்தில் மூன்று திரைப் படைப்பு ஒன்றைப் பொருத்தினோம். ஒருநாள் மின்சாரம் போய்த் திரும்பியபோது மூன்று இயந்திரங்களும் வெவ்வேறு நொடியில் விழித்துக்கொண்டன. காவலருக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்கவில்லை. இரண்டு நாள் வந்தவர்கள் சிதறிப்போன படைப்பையே பார்த்துவிட்டுச் சென்றார்கள். அவர்களில் ஒருவர்கூட அதைப் பிழை என்று ஐயப்படவில்லை. கோப்பு முழுமையாக இருந்தது, படைப்பு இல்லை. ஆகவே இணையத்தில் ஏற்றுவதை நான் எதிர்க்கவில்லை. எதை ஏற்றுகிறோம் என்பதைத்தான் கேட்கிறேன்.


கற்பூரவல்லி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

தொலைவையும் பணத்தையும் பற்றிப் பேசுகிறீர்கள். படம் வந்து சேர்ந்த பிறகும் வாசலில் நிற்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இந்த இழையில் பதிய விரும்புகிறேன். என் மகனுக்கு 19 வயது. ஒளி மினுக்கத்தால் வலிப்பு வரும். கலை என்றால் உயிர். இந்த வகைப் படங்களில் மினுக்கமே பொருளான படங்கள் பல உண்டு. டோனி கான்ராட் 1966இல் எடுத்த படம் வெறும் கறுப்பு பிரேம்களாலும் வெள்ளை பிரேம்களாலும் ஆனது. வலிப்பு நோயுள்ளவர்கள் தம் பொறுப்பிலேயே அமர வேண்டும், அரங்கில் மருத்துவர் ஒருவர் இருப்பது நல்லது என்ற எச்சரிக்கையோடுதான் அது தொடங்குகிறது. அவர் அதைச் சொன்னார் என்பதற்காக அவரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த எச்சரிக்கை திரையில் வரும்போது என் மகன் இருட்டுக்குள், வரிசையின் நடுவில் அமர்ந்திருப்பான்.

1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் நிகழ்ச்சியின் சிவப்பு நீல மினுக்கத்தால் 600க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிறகே தொலைக்காட்சிக்காரர்கள் விழித்தார்கள். இன்று இணையப் பக்கங்களுக்கு, ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மினுக்கக் கூடாது என்ற நெறி இருக்கிறது. கலைப்படத்துக்கு அந்த நெறியை விதிக்கச் சொல்லவில்லை. விதித்தால் அந்தப் படமே இராது. நான் கேட்பது எளியது. எந்தப் படத்தில் எத்தனையாவது நிமிடத்திலிருந்து மினுக்கம் என்பதை அழைப்பிதழிலேயே எழுதுங்கள். கதவருகே இரண்டு நாற்காலிகளை ஒதுக்குங்கள். திடீரென மினுக்கம் வந்தால் கண்களை மூடுவதைவிட ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மறைப்பது உதவும் என்பதை வாசலில் நிற்பவர் அறிந்திருக்கட்டும். விநியோகிப்பவர்களின் பட்டியலில் படத்தின் நீளமும் வடிவமும் ஒலியும் எழுதியிருப்பதுபோல் இதுவும் எழுதியிருந்தால், ஒவ்வொரு முறையும் நான் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்க வேண்டியதில்லை.


உம்கேனிக்கரை, டர்பன்:

அம்மா, இதை நான் எண்ணியிருக்கவே இல்லை. சென்ற மாதம் வகுப்பில் காட்டிய ஒரு குறும்படத்தில் அத்தகைய பகுதி இருந்தது. எவரிடமும் முன்கூட்டிக் கேட்கவில்லை. இனி அழைப்பிதழில் எழுதுவேன். மகனை அழைத்துவாருங்கள்.


மூன்றாம் மணி, லெனேசியா:

இளையவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இன்று டாக்டர் யூசுப் தாதூ தெரு என்று வழங்கும் டர்பன் கிரே தெருவில் ஷாஜகான் திரையரங்கும், விக்டோரியா தெருவில் அவலோனும் நிரம்பி வழிந்த காலத்தில் நான் ஆபரேட்டருக்குக் கைத்துணையாக இருந்தவன்.

நீங்கள் தேடும் ஏற்பாடு நம்மவர்க்குப் புதிதன்று, தம்பி. இந்நாட்டுக்குத் தொலைக்காட்சி 1976இல்தான் வந்தது. அதுவரை வெள்ளிக்கிழமை மாலை 16 எம்.எம். புரொஜெக்டரையும் மூன்று நான்கு ரீல்களையும் வாடகைக்கு எடுத்துவந்து, வீட்டுக் கொல்லையில் வெள்ளை வேட்டியைக் கட்டி அக்கம்பக்கத்தாரோடு பார்த்துவிட்டுத் திங்கள் காலை திருப்பிக் கொடுப்போம். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் படம் எடுத்தோம். வீட்டுக்கு வீடு ஒருவருக்காவது ஃபிலிம் மாட்டத் தெரியும். பின்னர் அரசு 1974ஆம் ஆண்டின் வெளியீட்டுச் சட்டத்தைக் கொண்டு படங்களைத் தடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1980களில், ஃபிலிம் ரிசோர்ஸ் யூனிட் என்ற அமைப்பு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வி.எச்.எஸ். நாடாக்களைச் சங்கக் கூடங்களுக்கும் தேவாலயக் கூடங்களுக்கும் அனுப்பிவைத்தது. ஆள் கையிலிருந்து ஆள் கைக்குப் போயிற்று.

டர்பனில் பழைய கோயில் மண்டபங்களின் பரண்களில் 16 எம்.எம். புரொஜெக்டர்கள் இன்றும் தூங்கிக்கொண்டிருக்கும். பக்திப்படம் போட வாங்கியவை. தேடிப் பாருங்கள். ஆனால் அவற்றோடு கிடைக்கும் பழைய ரீல்களை மட்டும் உடனே மாட்டிவிடாதீர்கள். பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அந்த ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அசிட்டேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் அமிலம் விடும். அந்த அமிலமே அழுகலை மேலும் விரைவாக்கும். அதே அலமாரியில் மூடிவைத்த நல்ல ஃபிலிமையும் அது கெடுக்கும். டர்பனின் கடற்காற்றைவிட அதற்குப் பெரிய எதிரி இல்லை.


பீனிக்ஸ்வாசி:

தாத்தா சொன்னதைப் படித்தபோது என் அப்பாவின் அப்பா அந்த வேட்டித் திரையைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. என்றாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. கொல்லைக்கு வந்த படங்கள் மக்கள் கேட்ட படங்கள். நாம் பேசுவது பன்னிரண்டு பேர் பார்க்கும் படங்கள். பன்னிரண்டு பேருக்காகப் பாரிஸிலிருந்து பிரதி வரவழைப்பதா, அல்லது அதே பணத்தில் நூறு பேருக்கு நல்ல கோப்பு ஒன்றை முறையான அனுமதியோடு காட்டுவதா? கூட்டுறவுகள் பல இன்று டிஜிட்டல் கோப்பும் தருகின்றனவே.


உம்கேனிக்கரை, டர்பன்:

நேர்மையான கேள்வி. மூன்று நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

கோப்பில் முழுமையாக வரும் படங்களும் உண்டு, வராதவையும் உண்டு, இதைப் படைத்தவரே சொன்ன நேரங்களும் உண்டு. மைக்கேல் ஸ்னோ 1967இல் ஓர் அறையின் குறுக்கே 45 நிமிடம் மெல்ல நெருங்கிச் செல்லும் படம் ஒன்றை எடுத்தார். சிறிய திரையில் துண்டு துண்டாக அது பார்க்கப்படுவதைக் கண்டபின், 2003இல் அந்தப் படத்தையே மூன்றாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி, நேரமில்லாதவர்களுக்கு என்ற பெயரோடு 15 நிமிடப் பதிப்பாக வெளியிட்டார். அதாவது, கையடக்கமாக வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மூலத்தைச் சுருக்கித் தரவில்லை, வேறொரு படைப்பைத் தந்தார். எனக்கு இது மிகுந்த தெளிவைத் தந்தது. மெக்காலின் கூம்புக்கு அத்தகைய பதிப்பு இருக்க இயலாது, ஏனெனில் அங்கே படம் இருப்பது காற்றில். தொடக்கக் காலத்தில் அது பழைய மாடிக் கூடங்களின் தூசியிலும் பார்ப்பவர்களின் சிகரெட்டுப் புகையிலும் தெரிந்தது. தூய்மையான காட்சியகத்துக்குப் போனபோது ஒளியே கண்ணுக்குப் புலப்படவில்லை. இப்போது பனிமூட்டப் பொறியை வைத்துக் காட்டுகிறார்கள். மால்கம் லு கிரைஸ் 1971இல் மூன்று புரொஜெக்டர்களின் வண்ண ஒளிக்கு முன் தம் உடலை நிறுத்தி நிழல்களை விரித்த படைப்பில் அவரே ஒரு பகுதி; அவர் 2024இல் மறைந்துவிட்டார். அவருடைய ஃபிலிம் சுருள்களை மட்டும் வாடகைக்கு வாங்கி நான் என்ன செய்வேன்?

நம் முன்னோர் கரும்புத் தோட்டங்களில் ஆடிய தெருக்கூத்தை இங்கே எல்லோரும் சிக்ஸ்ஃபூட் டான்ஸ் என்றே அழைக்கிறோம். அது நேட்டாலுக்கு வந்தது ஆடத் தெரிந்தவர்களோடு. ஆடை அணிகள் இன்றும் சில வீடுகளில் இருக்கின்றன. விடிய விடிய ஆடத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். விரிதிரையும் எனக்கு அப்படியே தோன்றுகிறது. பிரதி வந்தால் போதாது, வெண்சுவர் சொன்ன தாள்களும் வர வேண்டும், அந்தத் தாளைப் படித்து இயக்கத் தெரிந்த ஒருவர் இந்த ஊரில் இருக்க வேண்டும். இதுவரை நான் பிரதியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது ஆளை என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரே பிரதியை நம்புவதன் அபாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓவியர் அக்பர் பதம்சி 1969 முதல் 1972 வரை பம்பாயில் கலைஞர்களுக்காக ஒரு பட்டறையை நடத்தி இரண்டு படங்கள் எடுத்தார். ஒன்று இருக்கிறது. மற்றதற்கு இருந்தது ஒரே பிரதி. அது காணாமற்போய்விட்டது, படமும் போய்விட்டது. ஆகவே பீனிக்ஸ்வாசி கேட்கும் கோப்பு வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கோப்பு இருந்திருந்தால் பதம்சியின் படத்தின் நிழலாவது மிஞ்சியிருக்கும்.


வெண்சுவர், ஜோகன்னஸ்பர்க்:

ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். நம் நாட்டோடு தொடர்புடையது. அமெரிக்க இயக்குநர் லயனல் ரோகோசின் 1950களின் இறுதியில் ஜோகன்னஸ்பர்க்கிற்கு வந்து, அதிகாரிகளிடம் வேறு காரணம் சொல்லிவிட்டு, நிறவெறி ஆட்சியின்கீழ் கறுப்பின மக்கள் வாழ்ந்த சோஃபியாடவுன் பகுதியின் வாழ்வை மறைவாகப் படமெடுத்தார். அந்தப் படம் 1959இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. இங்கே திரையிட வழியில்லை. நியூயார்க்கிலும் அரங்கு எளிதில் கிடைக்கவில்லை என்பதால் அவர் 1960இல் பிளீக்கர் தெருவில் தாமே ஓர் அரங்கைத் திறந்து அதில் காட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜோனஸ் மேகஸ் முதலியோர் கூடிய புதிய அமெரிக்கத் திரைக் குழுவில் அவரும் ஒருவர். நாம் இங்கே வாடகை கேட்டு எழுதும் கூட்டுறவுகளுக்கெல்லாம் மூத்ததான நியூயார்க் திரைக் கலைஞர் கூட்டுறவு அந்தக் குழுவிலிருந்து பிறந்ததுதான். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்ட இடமில்லாமல் நின்றவர்கள் கட்டிய ஏற்பாடு அது.

செய்முறைக்கு வருகிறேன். கூம்பை முதலில் எடுக்காதீர்கள். பனிமூட்டப் பொறி வைத்தால் கூடத்தின் புகை எச்சரிக்கை மணி அடிக்கும். அதை நிறுத்த எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஒரே புரொஜெக்டரில் ஓடும், ஒலியில்லாத இரண்டு குறும்படங்களைப் பிரதியாகவும், மற்றவற்றை அனுமதி பெற்ற கோப்பாகவும் வாங்குங்கள். பொதுக்காட்சி என்றால் திரைப்பட வகைப்பாட்டு வாரியத்திடம் விலக்குக் கேட்டு முன்கூட்டியே எழுத வேண்டும். நான் ஜூலையில் டர்பனுக்கு வருகிறேன். இரண்டு நாள் ஒதுக்கி, விரும்புபவர்களுக்குப் பொருத்தும் வேலையைக் கற்றுத்தர இயலும்.


பீனிக்ஸ்வாசி:

ஜூலையில் எனக்குப் பகல் முறை. ஃபிலிம் மாட்டக் கற்றுக்கொள்ள நான் வருகிறேன். அம்மா சொன்ன மினுக்கக் குறிப்புகளைப் படம் படமாகப் பார்த்து நிமிடத்தோடு எழுதித் தரும் வேலையையும் எனக்கே கொடுங்கள்; அது கைபேசியிலேயே முடியும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறேன்.


உம்கேனிக்கரை, டர்பன்:

மகிழ்ச்சி, தம்பி. மூன்றாம் மணி ஐயா, நீங்கள் சொன்னபடியே விசாரித்தேன். ஒரு கோயில் மண்டபத்துப் பரணில் ஒரு 16 எம்.எம். புரொஜெக்டர் கிடைத்துவிட்டது. மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுற்றுகிறது, விளக்கு எரியவில்லை. கூடவே நான்கு ரீல்கள். இரண்டில் காடி வாடை. அவற்றை இப்போது என்ன செய்ய வேண்டும்?


மூன்றாம் மணி, லெனேசியா:

வாடையுள்ள இரண்டையும் மற்ற இரண்டிலிருந்து இன்றே பிரித்து வேறு அறையில், நிழலில், காற்றாட வையுங்கள். எறிந்துவிட வேண்டாம், பெட்டிமேல் எழுதியிருப்பதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், உள்ளூரில் யாரேனும் எடுத்த படமாக இருந்தால் வேறு பிரதி எங்கும் இராது. விளக்கைக் கழற்றி, அதன் அடியில் பொறித்திருக்கும் வோல்ட், வாட் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே எண்ணுள்ளதை மட்டுமே வாங்க வேண்டும், அதிக வாட் போட்டால் ஃபிலிம் கருகும். ரப்பர் பெல்ட் இத்தனை ஆண்டில் பிசினாகியிருக்கும், அதைத் தொடாதீர்கள், நான் வந்து மாற்றுகிறேன். ஃபிலிம் ஓடும் கதவுப் பகுதியை மட்டும் மெல்லிய துணியால் துடைத்துவையுங்கள். கத்தியோ உளியோ படக் கூடாது. வேகம் மாற்றும் விசை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒலியில்லாத படம் சிலவற்றை நொடிக்கு 18 பிரேமில் ஓட்ட வேண்டியிருக்கும். 24இல் ஓட்டினால் 400 அடி ரீல் 15 நிமிடத்துக்குப் பதிலாக 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும், எடுத்தவர் நினைத்த படம் அதுவாகாது. ஜூலை முதல் வாரம் என் பேரன் காரில் கொண்டுவந்து விடுவான். பழக்குவதற்கு நல்ல நிலையிலுள்ள பழைய ரீல் ஒன்றை நானே எடுத்துவருகிறேன். வாடகைக்கு வந்த பிரதியில் யாரும் கை பழகக் கூடாது.